மோப்ப யந்திரத்தைப் பரீட்சிப்பவர் யார்?

1985-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், கனடா தேசத்து டொராண்டோ விமான நிலையத்தில் ஒரு சிறு பரீட்சை நடைபெற்றது. பரீட்சிக்கப்பட்டது கையில் பிடித்து உபயோகிக்கும் ஒரு மோப்ப யந்திரம். வெடிமருந்தின் ஆவி பட்டதும் சப்தமிடும் என்று சொல்லி விற்கப்பட்டது. ஏர் இந்தியா கம்பெனியார் தமது பிரயாணிகளின் சாமான்களைச் சோதிக்க அதையே நம்பியிருந்தனர். துப்பாக்கி மருந்தின் பக்கத்தில் அதைக் கொண்டுபோனார்கள். யந்திரம் வாய் திறக்கவில்லை. அதன் முனையை ஓர் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் வைத்த பின்னரே சப்தமிட்டது. பிளாஸ்டிக் வெடிமருந்தைக் காட்டியபோது அதுவும் இல்லை. பரீட்சையைப் பார்த்திருந்த கனடாப் போலீசார் இந்த யந்திரத்தில் தங்களுக்கு நம்பிக்கையில்லை என்ற முடிவுக்கு வந்தனர். முடிவு காகிதத்தில் ஏறியது. யந்திரமோ விமான நிலையத்தைவிட்டு நீங்கவில்லை.

ஐந்து மாதங்கள் சென்றன. ஜூன் மாதத் தொடக்கத்தில், குறித்த நேரத்தில் வெடிக்கும் குண்டுகளைச் சாமான்களில் வைக்கக்கூடும் என்று பம்பாயிலுள்ள ஏர் இந்தியா தலைமைக் காரியாலயம் எச்சரிக்கை அனுப்பியது. ஜூன் 22-ந் தேதி டொராண்டோவில் பிரயாணிகளின் பெட்டிகளை ஊடுகதிர் யந்திரத்தில் சோதித்து வருகையில் அந்த யந்திரம் நின்றுவிட்டது. எஞ்சிய பெட்டிகளுக்கு ஜனவரியில் தோற்ற அதே மோப்ப யந்திரம் வந்தது. யந்திரம் எப்படிச் சப்தமிடும் என்பதைச் சோதனையாளர்களுக்குக் காட்ட ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அதனருகில் பிடித்தார்கள். பின்னர் ஒரு பெட்டியின் பக்கத்தில் யந்திரம் மெல்லிய ஒலி எழுப்பியது. தீக்குச்சிக்குக் கேட்ட ஒலியைப்போல் உரத்து ஒலிக்காததால் அந்தப் பெட்டியும் விமானத்துக்குள் சென்றது. அந்தப் பெட்டியே வெடித்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அதை உறுதியாகச் சொல்ல எவராலும் ஆகாது. டொராண்டோப் போலீசாரின் மோப்ப நாய்களோ அன்று பயிற்சிக்காக வான்கூவருக்குப் போயிருந்தன. ஜூன் 23-ந் தேதி ஐர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் "கனிஷ்கா" வானத்திலேயே வெடித்துச் சிதறியது. மாண்டவர் 329 பேர். பெரும்பாலோர் இந்தியாவை மூதாதையர் நாடாகக் கொண்ட கனடாப் பிரஜைகள்; குழந்தைகள் அநேகர்.

இந்த விவரங்களெல்லாம் நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் அமைந்த கனடா விசாரணைக் கமிஷனின் அறிக்கையில் உள்ளன. அறிக்கை வெளிவந்தது 2010-ம் வருஷம். சம்பவத்துக்கும் அதற்கும் இடையில் ஓடியவை இருபத்தைந்து வருஷங்கள். குண்டு வைத்த பாதகர்களின் குற்றம் எவ்வாற்றானும் குறையாது. ஆனால் நாம் இங்கே விசாரிக்க வேண்டியது வேறொன்று. கருவி உதவாது என்று பரீட்சையில் தெரிந்த பிறகும் அதைக் களத்தில் வைத்திருக்க இடமளித்தது எது? பரீட்சை செய்தவருக்கு யந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்குப் பரீட்சையின் பலன் எட்டவில்லை, அல்லது எட்டியும் உறைக்கவில்லை. அன்று டொராண்டோவில் நேர்ந்த பிழை இது. இன்று வெடிமருந்து யந்திரங்களைப் பற்றி எந்தத் தேசத்தில் எந்தத் தகராறு எழுந்தாலும் அடியில் போய்ப் பார்த்தால் இதே பிழைதான் கிடக்கிறது.

அந்தப் பழைய யந்திரம் தோற்றதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் வெடிமருந்துகளில் சேரும் ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என். ஆகிய பொருள்கள் சாதாரண உஷ்ணத்தில் ஆவியாவது மிக மிகச் சொற்பம். இல்லாத ஆவியை மோப்பம் பிடிக்கச் சொன்னால் யந்திரம் என்ன செய்யும்? லாக்கர்பி துயரத்துக்குப் பின், 1991-ல் மாண்ட்ரீலில் தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, பிளாஸ்டிக் வெடிமருந்துகளைத் தயாரிக்கும்போதே எளிதில் ஆவியாகும் அடையாளப் பொருளொன்றைக் கலக்க வேண்டுமென்று விதித்தார்கள். யந்திரங்களும் வழியை மாற்றிக்கொண்டன. ஆவிக்காகக் காத்திராமல் பெட்டியின் பிடியையும் பிரயாணியின் கைகளையும் ஒரு துடைப்புத் துணியால் துடைத்து, அதில் ஒட்டிய துகளை யந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். சூட்டினால் துகள் ஆவியாகிறது. நிக்கல்-63 போன்ற கதிரியக்கப் பொருளாலோ மின்பொறியாலோ அந்த ஆவிக்கு மின்னூட்டம் ஏறுகிறது. மின்னூட்டம் பெற்ற அயனிகளை ஒரு குழாயில் ஓடவிட்டு, மறுமுனையைச் சேர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று அளக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓட்டத்தின் வேகம் வேறு. யந்திரத்தின் நினைவிலுள்ள கணக்கோடு ஒத்துப்போனால் மணி அடிக்கிறது. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோகிராம் அளவிலேயே இவை பொருள்களைக் கண்டுபிடிக்க வல்லவை. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத சுவடு அது. ஆகவே யந்திரம் சரியாகப் பார்க்கிறதா என்பதைப் பக்கத்தில் நிற்பவன் தன் கண்ணால் அறிந்துகொள்ள வழியே இல்லை. தராசு பொய் சொன்னால் கடைக்காரனின் கைக்கே பாரம் தெரியும். மோப்ப யந்திரம் மௌனமாயிருந்தால், வெடிமருந்து இல்லாததால் மௌனமா, யந்திரம் செத்துக் கிடப்பதால் மௌனமா? பரீட்சை ஒன்றுதான் இதற்குப் பதில் சொல்லும்.

இந்த நுட்பத்தையே வஞ்சகர்கள் முதலாக்கிக் கொண்டார்கள். இராக் தேசத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏ.டி.இ.-651 என்று பெயரிட்ட கருவி. ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதன் தலையில் இப்படியும் அப்படியும் ஆடும் ஓர் உலோகக் குச்சி, அவ்வளவே. மின்கலம் கிடையாது, பிடித்திருப்பவரின் உடம்பிலுள்ள மின்சாரமே போதும் என்றார்கள். ஒவ்வொரு பொருளைக் கண்டுபிடிக்கவும் ஒவ்வோர் அட்டை என்றார்கள். அந்த அட்டையைப் பிரித்துப் பார்த்த கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, கடைகளில் திருட்டைத் தடுக்க ஒட்டும் சாதாரண வில்லைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று அறிவித்தார். இத்தகைய பொருளுக்கு இராக் சர்க்கார் செலவிட்ட தொகை ஏறத்தாழ 8½ கோடி டாலர். 2009-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி பாக்தாத் நகரில் சர்க்கார் காரியாலயங்களின் வாசலில் குண்டுகள் வெடித்து 150-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரத்துக் காவற்சாவடிகளில் அப்போது சிப்பாய்களின் கையிலிருந்தவை இந்தக் குச்சிகளே. விற்ற ஆங்கிலேயருக்கு லண்டன் கோர்ட்டில் 2013-ல் பத்து வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்கு மூன்று வருஷத்துக்குப் பின், 2016 ஜூலை 3-ந் தேதி கர்ராதாக் கடைவீதியில் 300-க்கு மேற்பட்டோர் பலியான பிறகுதான், அந்தக் கருவிகளைச் சாவடிகளிலிருந்து நீக்கும்படி இராக் பிரதம மந்திரி உத்தரவிட்டார். உற்பத்தி செய்தவன் சிறையிலிருக்க, அவன் பொம்மை சாவடியில் காவல் நின்ற விந்தையை என்னென்பது!

இதில் பிரிட்டிஷ் சர்க்கார் நடந்துகொண்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். 2010 ஜனவரியில் அவர்கள் இக்கருவியின் ஏற்றுமதியைத் தடுத்தார்கள். ஆனால் இராக்குக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் மட்டுமே. அங்கே அவர்களுடைய சேனைக்கும் நேச சேனைகளுக்கும் ஆபத்து நேரக்கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். மற்றத் தேசத்து ஜனங்களின் உயிரைக் காக்க அந்தத் தடை நீளவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அவர்கள் சமாதானம் சொல்லலாம்; நாம் அதை மறுக்கவில்லை. நாம் கற்க வேண்டியது, வாங்குகிற தேசம் தன் பரீட்சையைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது. விற்கிற தேசம் நமக்காகச் செய்து தரும் என்று காத்திருப்பது பேதைமை.

அப்படிப் பரீட்சை செய்வது அரிய காரியமுமல்ல. இதே ஜாதியைச் சேர்ந்த ஜி.டி.-200 என்ற கருவியைத் தாய்லாந்து சேனை வாங்கித் தென் மாகாணங்களில் உபயோகித்தது. கருவி காட்டியதென்ற ஒரே சாட்சியத்தின்மேல் ஏழைக் கிராமவாசிகள் பிடிக்கப்பட்டதாகவும் புகார்கள் எழுந்தன. கூக்குரல் பலத்தபின் 2010 பிப்ரவரியில் தாய்லாந்து சர்க்கார் பரீட்சை நடத்திற்று. நான்கு பெட்டிகளில் ஏதோ ஒன்றில் வெடிமருந்தை மறைத்தார்கள். கருவி பிடிப்பவருக்கு எதில் என்று தெரியாது. இருபது தடவை இவ்வாறு செய்ததில் கருவி சரியாகக் காட்டியது நான்கு தடவை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டியிருந்தாலும் சராசரியில் ஐந்து தடவை சரியாயிருக்கும்! நான்கு பெட்டிகளும் ஒரு பகற்பொழுதும் போதுமாயிருந்த இந்த வேலையைக் கோடிக்கணக்கில் பணம் கொடுப்பதற்கு முன் ஏன் செய்யவில்லை? இக்கருவிகளின் முன்னோடியொன்றை அமெரிக்காவின் ஸாண்டியா ஆராய்ச்சிசாலையார் 2002-லேயே பரீட்சித்து, குருட்டு அதிருஷ்டத்தைவிட மேலான பலன் எதுவுமில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். டொராண்டோவில் நடந்ததுபோல் இங்கும் காகிதம் ஓரிடத்திலும் கருவி வேறிடத்திலுமாகக் கிடந்தன.

இந்தக் கருவிகளை நம்பிய சிப்பாய்களை நாம் பரிகசிக்கவில்லை. பெட்டி எங்கே என்று தெரிந்தவன் கையில் குச்சியைக் கொடுத்தால், அவன் அறியாமலே அவன் மணிக்கட்டு குச்சியை அங்கே திருப்பும். வியாபாரி நடத்திக் காட்டும் காட்சியில் கருவி ஒருபோதும் தோற்காததன் மர்மம் இதுதான். ஆகவேதான் பிடிப்பவனுக்கும் தெரியாமல், பக்கத்தில் நின்று குறிப்பெழுதுபவனுக்கும் தெரியாமல் மாதிரிகளை வைக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துகிறார்கள்.

போலியைத் தள்ளுவது எளிது. நல்ல யந்திரத்தை நல்லதாகவே வைத்திருப்பது கடினம். ஒரு யந்திரத்தைப் பத்துத் தடவை சோதித்துப் பத்திலும் வென்றது என்று சொன்னால் கேட்பவர்கள் கைதட்டுவார்கள். கணித சாஸ்திரம் கைதட்டாது. நூற்றுக்கு 90 தடவையாவது கண்டுபிடிக்கும் என்பதை நூற்றுக்கு 95 பங்கு உறுதியோடு சொல்ல வேண்டுமானால், 29 தடவை சோதித்து 29 தடவையும் தவறாமல் வென்றிருக்க வேண்டும். அதுவும் ஒரே பொருளுக்கு, ஒரே அளவுக்கு, ஒரே நிலைமைக்குத்தான். வேறு பொருளுக்கு மறுபடியும் 29. வெடிமருந்தே இல்லாத வெறும் துணிகளையும் நடுநடுவே கொடுத்துப் பார்க்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் மணியடிக்கிற யந்திரமும் எல்லா வெடிமருந்தையும் "கண்டுபிடிக்க" வல்லதல்லவா?

பொய்யெச்சரிக்கை சிறு விஷயமென்று எண்ணுபவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு நாளில் பதினாயிரம் பேரைத் துடைத்துச் சோதிக்கும் இடத்தில், நூற்றுக்கு ஒன்று வீதம் யந்திரம் பொய் சொன்னால் தினந்தோறும் நூறு பேர் தனியே நிறுத்தப்படுவார்கள். அவர்களில் இருதய நோய்க்காக நைட்ரோகிளிசரின் மாத்திரை சாப்பிடும் முதியவர் இருப்பார். வயலில் உரம் போட்ட கையோடு வந்த விவசாயி இருப்பார். ஒரு மாதத்தில் மூவாயிரம் மணி, குண்டு ஒன்றுமில்லை. காவலாளியும் மனிதன்தானே? மூவாயிரத்தோராவது மணியை அவன் எந்தக் காதால் கேட்பான்? கூச்சல் பொறுக்காமல் யந்திரத்தின் நுண்ணுணர்வைக் குறைத்து வைத்துவிட்டாலோ, பரீட்சையில் தேறிய யந்திரம் வேறு, சாவடியில் நிற்கும் யந்திரம் வேறு என்றாகிவிடும்.

நமது தேசத்திலேயே இதற்கு மறுபக்கமான ஓர் உதாரணம் நிகழ்ந்தது. 2017 ஜூலை 12-ந் தேதி லக்னோவில் உத்தரப் பிரதேச சட்டசபை மண்டபத்தில் ஒரு வெள்ளைப் பொடி அகப்பட்டது. மாகாண ஆராய்ச்சிசாலையின் சோதனையை ஆதாரமாகக் கொண்டு, அது பி.இ.டி.என். என்ற கொடிய வெடிமருந்து என்று இரண்டு நாள் கழித்து முதல் மந்திரி சபையிலேயே அறிவித்தார். தேசமெங்கும் பரபரப்பு. பின்னர் ஹைதராபாத்திலுள்ள மத்திய தடய விஞ்ஞான ஆராய்ச்சிசாலையின் பரீட்சையில் அது வெடிமருந்தே அல்லவென்று வெளியாயிற்று. முதலில் சோதித்தவர்கள் காலாவதியான சோதனைப் பெட்டியை உபயோகித்தார்கள் என்று செய்திகள் வந்தன. லக்னோ ஆராய்ச்சிசாலைத் தலைவர் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். ஒருவரைத் தண்டித்தாயிற்று என்பதோடு பத்திரிகைகளும் இந்த விஷயத்தை விட்டுவிட்டன. பெட்டியின் மேலுள்ள தேதியைப் பார்ப்பதும், தெரிந்த மாதிரியொன்றைப் போட்டுச் சரிபார்த்த பிறகு தெரியாத பொருளைச் சோதிப்பதும் யாருடைய கடமை, அதற்கு எழுத்து மூலமான முறை இருந்ததா என்று கேட்டவர்கள் அதிகமில்லை.

சரிபார்க்கும் முறை ஒன்றும் மர்மமானதல்ல. ஒவ்வொரு முறைவேலையின் ஆரம்பத்திலும் சுத்தமான துணியை யந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், மௌனமாயிருக்க வேண்டும். பின்பு அளவறிந்த வெடிமருந்துச் சுவடு பூசிய துணியைக் கொடுக்க வேண்டும். மணி அடிக்க வேண்டும். மறுபடியும் சுத்தமான துணி. முந்தைய துகள் உள்ளே தங்கியிராமல் மௌனமாக வேண்டும். மூன்றையும் நேரத்தோடும் கையெழுத்தோடும் குறிக்க வேண்டும். இவ்வகை மாதிரிகளை அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய ஸ்தாபனம் தயாரித்திருக்கிறது. யந்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிடும் முறையை ஏ.எஸ்.டி.எம். என்ற ஸ்தாபனம் 2007-ல் வெளியிட்டு அவ்வப்போது திருத்தி வருகிறது. ஆகையால் வழி தெரியவில்லை என்று எந்த அதிகாரியும் சொல்வதற்கில்லை. குறிப்பேட்டில் ஒரு வாரத்துக் கையெழுத்தை ஒரே நாளில் போட்டுவிடும் நமது காரியாலயப் பழக்கத்துக்குத்தான் வைத்தியம் தேட வேண்டும். முன்னறிவிப்பின்றி வெளியார் ஒருவர் வந்து, காவலாளிக்குத் தெரியாமல் பூசிய மாதிரியோடு சாவடியைக் கடந்து பார்ப்பதைவிடச் சிறந்த மருந்து நமக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சிசாலையில் தேறினால் போதுமென்று நினைத்த அமெரிக்கர்களே கையைச் சுட்டுக்கொண்டார்கள். பிரயாணியின்மேல் காற்றை ஊதி, உதிரும் துகள்களைச் சோதிக்கும் பெரிய கூண்டு யந்திரங்களை 2004 முதல் விமான நிலையங்களில் அவர்கள் வைக்கத் தொடங்கினர். வாங்கியவை 207, நிறுவியவை 101. அன்றாட உபயோகத்தில் தூசியும் ஈரமும் தாங்காமல் அவை அடிக்கடி படுத்துக்கொண்டன. முந்தைய சோதனைகளிலேயே குறை தெரிந்திருந்தும் அவசரப்பட்டு நிறுவினார்கள் என்று அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை அதிகாரிகள் கண்டித்தார்கள். கடைசியில் யந்திரங்களை அகற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்க விமான நிலையத்துத் தூசிக்கே இந்தக் கதி என்றால், ஐப்பசி மாதத்துச் சென்னையின் ஈரக்காற்றையும் சித்திரை மாதத்து டில்லியின் புழுதியையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அயனி ஓடும் குழாய்க்கு உலர்ந்த காற்று தேவை. காற்றை உலர்த்தும் பொருள் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டால் ஓட்டத்தின் கணக்குத் தவறும். குளிர்தேசத்தில் பெற்ற அத்தாட்சிப் பத்திரம் நம் ஊர் மழைக்காலத்துக்குச் சாட்சி சொல்லாது.

சுதேசி யந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த கம்பெனியொன்று "நானோஸ்நிஃபர்" என்ற வெடிமருந்துச் சுவடு காட்டும் யந்திரத்தை 2021-ல் வெளியிட்டது. அன்னிய யந்திரங்களுக்குக் கொட்டிக் கொடுக்கும் பணம் நம் தொழிலாளருக்கும் விஞ்ஞானிகளுக்கும் வருவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் நம்முடையது என்பதற்காகப் பரீட்சையில் ஒரு மயிரிழை சலுகையும் வேண்டாம். உள்நாட்டு யந்திரமும் வெளிநாட்டு யந்திரமும் ஒரே அறையில், ஒரே மாதிரியைக் கொண்டு, பெயரை மறைத்துப் பரீட்சிக்கப்படட்டும். வென்றால் நம் யந்திரத்தின் கீர்த்தி பிற தேசங்களிலும் செல்லும். சலுகையில் தேறிய யந்திரத்தை அயலான் ஏன் வாங்குகிறான்?

இவற்றையெல்லாம் வெளியே பேசலாமா, எதிரிக்கு இரகசியம் தெரிந்துவிடாதா என்று அதிகாரவர்க்கத்தார் கேட்பார்கள். எந்தப் பொருளில் எத்தனை நானோகிராம் வரை யந்திரம் காணும் என்பதை வெளியிட வேண்டுமென்று நாமும் கேட்கவில்லை. அது இரகசியமாகவே இருக்கட்டும். ஐரோப்பிய விமானப் போக்குவரத்து மகாநாட்டினர் 2008 முதல் பொதுவான பரீட்சை முறையொன்றை நடத்தி, தேறிய யந்திரங்களின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிடுகின்றனர், அளவுகளை வெளியிடுவதில்லை. இரகசியம் கெடாமலே பொறுப்பு வெளிச்சத்துக்கு வரலாம் என்பதற்கு இது போதிய அத்தாட்சி. பாக்தாதில் இரகசியத்தின் திரைக்குப் பின்னால் நடந்தது லஞ்சம். கருவி வாங்குவதற்குப் பொறுப்பாயிருந்த சேனாதிபதியே சிறை சென்றார்.

சிவில் விமானப் பாதுகாப்பு இலாகாவினர் பார்லிமெண்டின் முன் வருஷந்தோறும் வைக்க வேண்டிய விவரங்கள் சிலவே. எத்தனை யந்திரங்கள் உபயோகத்தில் உள்ளன. விற்பவரோடு சம்பந்தமில்லாத யார் அவற்றைப் பரீட்சித்தார்கள். முன்னறிவிப்பில்லாத சோதனைகள் எத்தனை நடந்தன. அவற்றில் தோற்ற யந்திரங்கள் எத்தனை. தோற்ற எத்தனை மணி நேரத்துக்குள் அவை சாவடியிலிருந்து எடுக்கப்பட்டன. சோதனை செய்யும் அதிகாரிக்கே, யாரிடமும் உத்தரவு கேளாமல், அந்த இடத்திலேயே யந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தி முத்திரை வைக்கும் அதிகாரத்தை விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். யந்திரம் நின்ற வேளையில் பெட்டிகளைத் திறந்து கையால் சோதிக்கப் போதிய ஆட்கள் இருக்கிறார்களா என்பதையும் அதே பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். டொராண்டோவில் ஊடுகதிர் யந்திரம் நின்ற மாலைப்பொழுதில் இல்லாதிருந்தவர்கள் அந்த ஆட்களே.